ஓலையும் அச்சும் இணையமும்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நாம் கண்டுவரும் காட்சி ஒன்று உண்டு. பேரப்பிள்ளை இங்கே வாழ்கிறது. பாட்டியார் தருமபுரியிலோ வேலூரிலோ திருச்சியிலோ வாழ்கிறார். இருவர் கையிலும் கைப்பேசி உண்டு. பிள்ளை பேசும் தமிழில் குறையில்லை. ஆனால் பாட்டிக்குச் செய்தி எழுதும்போது அத்தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறது. தமிழ் எழுத்தை மட்டுமே அறிந்த பாட்டியார் அச்செய்தியைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டிப் படித்துச் சொல்லக் கேட்கிறார். எழுதியவர் தமிழர், படிக்க வேண்டியவரும் தமிழர், செய்தியும் தமிழே. இருவர்க்கும் இடையே தடையாய் நிற்பது எழுத்து ஒன்றே.

இதனைக் கண்டு, 'இணையம் வந்து தமிழைக் கெடுத்தது' என்பார் உளர். அதே இணையத்தில் சங்க நூல்கள் விலையின்றிக் கிடைப்பதைக் காட்டி, 'இணையமே தமிழை வாழ வைத்தது' என்பாரும் உளர். இருசாராரும் கருவியைப் பற்றிப் பேசுகின்றனரேயன்றி, அதனைக் கையாளும் சமுதாயத்தைப் பற்றிப் பேசினாரில்லை. எழுத்துக் கருவி ஒவ்வொன்றும், தன்னைப் பயன்படுத்துவோர் கொண்டுவரும் தேவையையும் பழக்கத்தையும் ஏற்றே தன் வடிவைப் பெறுகின்றது. பின்னர் அத்தேவையையும் பழக்கத்தையும் பன்மடங்காக்கி அவர்க்கே திருப்பித் தருகின்றது. இஃது இக்கட்டுரையில் நாம் நிறுவ விழையும் கருத்தாகும். ஓலை, அச்சு, இணையம் என்னும் மூன்றின் வழியே இதனை ஆராய்வோம்.

ஓலையும் அச்சும்

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் பிற்காலத்து ஓலைச்சுவடிகளில் புள்ளியைக் காண்பது அரிது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்பர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஓலையில் வேறுபாடின்றி நின்றன. படிப்பவர் இடமறிந்து படித்தனர். அங்ஙனம் படிப்பதற்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவரிடம் பாடங்கேட்கக் காலமும் வாய்ப்பும் வேண்டும். ஆகவே ஓலையின் இயல்பு கல்வியைச் சிலர் கையில் நிறுத்துதற்கு ஒரு காரணமாயிற்று. கல்வி சிலர் கையிலேயே நின்றமையால், ஓலையின் குறையைத் திருத்த வேண்டிய தேவையும் பலருக்குத் தோன்றவில்லை. ஏகார ஓகார வடிவங்களைப் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழைப் புதிதாய்க் கற்றவர். இடமறிந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர் கண்ணுக்கே எழுத்தின் குறை தெளிவாகப் பட்டது போலும்!

அச்சின் வரலாறும் இவ்வாறே. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-ஆம் ஆண்டில். எனினும் அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளில் தமிழ் அச்சு பெரும்பாலும் சமயத் தொண்டர் கையிலும் அரசினர் கையிலுமே இருந்தது. 1835-இல் மெட்காஃப் காலத்தில் அச்சுக்கூடங்களின்மீது இருந்த கட்டுப்பாடு நீங்கிய பின்னரே, இந்நாட்டவர் தடையின்றி அச்சிடும் நிலை பிறந்தது. அதன் பயனாகச் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும், உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887-இல் வெளிவந்தன. பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. பொறி வந்து முந்நூறு ஆண்டு கழிந்தபின்னர்தான் அப்பொறியால் சங்க இலக்கியம் மீண்டது. இடையில் மாறியது பொறியன்று. அதனை நாடிய மக்களும் அவர்தம் தேவையுமே மாறின.

அச்சு தன் பங்குக்கு எழுத்தையும் மாற்றியது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி ஈய அச்சு வேண்டியிருந்தது. வடிவம் பெருகப் பெருக, அச்சுக் கோப்பவர்க்கு உழைப்பும் பொருளும் பெருகின. தந்தை பெரியார் 1935-இல் குடியரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியபோது இவ்வருமையையும் எண்ணியே செய்தார். 1978 அக்டோபரில் எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான தமிழ்நாட்டரசு அச்சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஆணையாக்கியது. ணை, லை, னா, றா போன்ற 13 வடிவங்கள் புதிய முறையில் எழுதப்பெற்றன. இன்று நம் பிள்ளைகள் எழுதும் 'லை' அந்த ஆணையின் வழி வந்தது. நம் பாட்டன்மார் எழுதிய துதிக்கை வளைந்த 'லை' அவர்களுக்குப் படமாகத் தோன்றும்.

இணையத்தைத் தமிழாக்கியோர்

இனி இணையத்துக்கு வருவோம். இணையத்தில் தமிழை ஏற்றியோர் எங்கெங்கு வாழ்ந்தவர் என்று நோக்கினால் நமக்கு ஓர் உண்மை விளங்கும். அவருள் பலர் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவர். இதற்கு முன்னோடியும் உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்றவர். கணினிக் காலத்தில், முத்து நெடுமாறன் மலேசியாவில் 1985-ஆம் ஆண்டிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் சிறுகதை ஆசிரியரான நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் பெயரில் இணையத் தமிழுக்கு வழி கண்டார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது அவற்றுள் தமிழும் ஒன்றாயிருந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி திறக்கப்பட்டதும் அதே 1995-இல்தான். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. அதன் பெயர் மதுரை. அதனை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்த ஊரோ சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான்.

இஃது ஏன் இவ்வாறு நேர்ந்தது? மதுரையில் வாழ்பவர் கலித்தொகை வேண்டுமாயின் புத்தகக் கடைக்கு நடந்து செல்லலாம். லோசானில் வாழ்பவர்க்கு அக்கடை இல்லை. இல்லாமையே தேவையைப் பிறப்பித்தது. பல நாட்டுத் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிப் பக்கம் பக்கமாகத் தட்டெழுதினர். வேறொருவர் பிழை திருத்தினார். நூல் அனைவர்க்கும் இலவசமாயிற்று. இணையம் பிறந்த மேலைநாட்டில் எவரும் தமிழுக்கென அதனைப் படைக்கவில்லை. புலம்பெயர்ந்த தமிழரின் ஏக்கமே அதனைத் தமிழ் நூலகமாக்கிற்று. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த நூல்களும் சுவடிகளும் எத்தனையோ! ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005-இல் தோன்றியதற்கு அவ்விழப்பின் நினைவே அடிப்படை எனலாம்.

தேவையைக் கொண்டுவந்த நாமே நம் குறையையும் உடன் கொண்டுவந்தோம். தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தமிழ் எழுத்துருவுக்குத் தனித்தனிக் குறியீடு வகுத்துக்கொண்டது. ஒருவர் எழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் பொருளற்ற கீறல்களாய்த் தோன்றிற்று. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. உலகப் பொதுவான ஒருங்குறி பரவிய பின்னரே இது தணிந்தது. அவ்வொருங்குறியிலும் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்களே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த முறையைப் பின்பற்றி, அகரமேறிய 'க' அடிப்படையாயிற்று. 'க்' என்னும் மெய்யோ அதன்மேல் புள்ளியிட்டுப் பெறுவதாயிற்று. மெய்யை முதலாகக் கொண்டு அதனோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். அது கணினியின் உள்ளே தலைகீழாயிற்று. தமிழறிஞரின் குரல் அத்தரத்தை வகுத்த அவையில் போதுமான அளவு ஒலிக்கவில்லை என்பதற்கு இது சான்று. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, எழுத்துகள் அனைத்துக்கும் தனியிடம் தரும் மற்றொரு குறியீட்டையும் ஏற்றது. ஆயினும் உலகம் அதற்குள் ஒருங்குறியில் நிலைத்துவிட்டது.

விசைப்பலகை சொல்லும் செய்தி

1999 மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. இடக்கைப் பக்கம் உயிர். வலக்கைப் பக்கம் மெய். மெய்யோடு உயிரைத் தட்டினால் உயிர்மெய். தொல்காப்பியர் கண்டால் மகிழத்தக்க அமைப்பு அது. எனினும் புலம்பெயர்ந்த தமிழர் பெரிதும் விரும்பியது மற்றொரு முறை: ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டும் முறை. பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர் விரல்கள் ஆங்கிலப் பலகையில் பழகியிருந்தன. புதிதொன்றைப் பயில அவர்க்கு நேரமில்லை. இதனைக் குற்றமென்று நாம் கூறமாட்டோம். அம்முறை இல்லையேல் பலர் இணையத்தில் தமிழே எழுதியிருக்கமாட்டார்.

ஆயினும் அதற்குரிய விலையும் உண்டு. தமிழில் மூன்று லகர ளகர ழகரங்கள். ஆங்கிலத்தில் அவற்றை ஒத்த எழுத்து ஒன்றே. நகர ணகர னகரங்களுக்கும் அந்நிலையே. தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கில எழுத்தாக நினைத்துப் பின் தட்டுபவர்க்கு இவ்வேறுபாடுகள் மெல்ல மங்குகின்றன. 'பள்ளி' 'பல்லி' ஆவதும், 'மனம்' 'மணம்' ஆவதும் கல்லாமையால் மட்டும் நேர்வன அல்ல. விரல் சென்ற வழியாலும் நேர்வன.

கைப்பேசி வந்தபோது இந்நிலை மேலும் ஒரு படி சென்றது. தொடக்கக் காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தோன்றாது. ஆகவே நாம் 'சாப்பிட்டாயா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினோம். 2005-இல் 'செல்லினம்' வந்து கைப்பேசியில் தமிழ்ச் செய்திக்கு வழி திறந்தது. இன்று கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்துள்ளது. சொல்லைப் பேசினால் எழுதித்தரும் வசதியும் உண்டு. கருவி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. மாறாத அப்பழக்கத்தைக் கருவியும் கற்றுக்கொள்கிறது. நாம் அடிக்கடி எழுதும் சொற்களைக் கைப்பேசி நினைவிற்கொண்டு அடுத்த முறை அவற்றையே முன்னால் நீட்டுகிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்க்கு ஆங்கில எழுத்தையே நீட்டுகிறது. நாம் முதலில் கூறிய கருத்து இங்கு ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் மெய்ப்படுகின்றது.

இத்துன்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நம் அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளும் தம் தாய்மொழியை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். கணினியில் கன்னடம் செழிக்க வேண்டுமென வற்புறுத்தியவர்களுள் புகழ்பெற்ற எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியும் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு சிறுகதை ஆசிரியரும், மலைநாட்டில் ஒரு கன்னட நாவலாசிரியரும் ஒரே கவலையைத் தாங்கினர். இலக்கியவாணர் பொறியாளர் துணையை நாடிய காலம் இது. பொறியாளரே இலக்கியவாணராய் வாழ்ந்ததும் உண்டு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்துகொண்டே கதைகள் எழுதிய சுஜாதாவை நம்மவர் மறவார்.

ஒரு பாட்டின் கதை

இலக்கியத்தைப் படிக்கும் முறையை இணையம் எவ்வாறு மாற்றியது? ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192-ஆம் பாட்டு அது. எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் உறவினர் என்னும் பொருளுடைய அதன் முதலடியை அறியாத தமிழர் இலர். புலம்பெயர்ந்த தமிழர் சங்கங்களின் அழைப்பிதழ்களிலும் மேடைகளிலும் அதனைக் காண்கிறோம். நா. கோவிந்தசாமி தம் மென்பொருளுக்குக் 'கணியன்' எனப் பெயரிட்டதும் அப்புலவரை எண்ணச் செய்கிறது.

ஆனால் அப்பாட்டு 13 அடிகளைக் கொண்டது. பொதுவியல் திணை, பொருண்மொழிக் காஞ்சித் துறை. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்கிறார் புலவர். மழைநீர் பெருகிக் கல்லில் மோதி ஓடும் பேராற்றில் நீரின் போக்கில் செல்லும் புணைபோல, உயிரும் முறையின் வழியே செல்லும் என்கிறார். அதனைத் தெளிந்தமையால் பெரியோரை வியத்தலும் இலம். சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்று முடிக்கிறார். பாட்டின் உயிர் அம்முடிவில் இருக்கிறது. முதலடி விருந்தினரை வரவேற்கும் வாயில். ஈற்றடியோ அவ்வீட்டில் வாழ்வோர்க்கு உரிய ஒழுக்கம்.

ஓலைக் காலத்தில் இப்பாட்டைக் கற்றவர் சிலர். கற்றவர் முழுமையாகக் கற்றனர். 1894-இல் உ. வே. சா. அதனைப் பழைய உரையோடு அச்சிட்டார். உரையின்றிப் பாட்டை அணுகுவது கடினம் என்பதை அவர் அறிவார். இன்று தேடுபொறியில் முதலடியைத் தட்டினால் நொடியில் கிடைக்கிறது. படமாகவும் வாழ்த்தாகவும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. தாவுவது பெரும்பாலும் ஓரடியே. முழுப்பாட்டும் அதே இணையத்தில்தான் இருக்கிறது. மதுரைத் திட்டத்தார் உழைப்பால் விலையின்றி இருக்கிறது. அதனைத் திறப்பார் குறைவு. மேடைப் பேச்சில் ஓரடி மட்டும் எடுத்தாளும் நம் பழைய பழக்கத்தை இணையம் பேருருவாக்கித் தந்துள்ளது என்க.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதனையும் கூறுதல் நடுநிலைக்கு அழகு. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்னும் பெயரில் 2014 சனவரி தொடங்கி 2020 சூலை வரை இணையத்தில் நாள்தோறும் எழுதி, 26 நாவல்களாக நிறைவு செய்தார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-களில் வார இதழில் வந்தது. வாரம் முழுதும் காத்திருக்கும் வாசகரை எண்ணியே அதன் அத்தியாயங்கள் ஆவலைத் தூண்டி முடிந்தன. நாள்தோறும் படிப்போரை நோக்கி எழுந்த வெண்முரசுக்கு அந்தத் தூண்டில் வேண்டியிருக்கவில்லை. தாளின் பக்க அளவும் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் வந்த பரப்பைப் பெருமை என்பாரும், செறிவுக்குறை என்பாரும் உளர். எவ்வாறாயினும், இணையத்தார் நீண்டதைப் படியார் என்னும் கூற்றை அந்நூலின் வாசகர் பொய்யாக்கினர். நீளப் படிக்கும் வேட்கையோடு வந்தவர்க்கு இணையம் நீண்ட நூலையே தந்தது.

சொல்லும் நெருப்பும்

பெங்களூரில் வாழும் நாம் இப்பொருளைப் பேசும்போது 2016-ஆம் ஆண்டை விட்டுவிட இயலாது. காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற ஆணையை அடுத்து அவ்வாண்டு செப்டம்பரில் இரு மாநிலங்களிலும் உணர்ச்சி மிகுந்தது. இங்கு ஓர் இளைஞர் இணையத்தில் எழுதியதற்காக அடிபட்ட காட்சி கைப்பேசிகளில் பரவியது. தமிழகத்தில் கன்னடர் தாக்கப்பட்ட காட்சிகளும் அவ்வாறே பரவின. செப்டம்பர் 12-ஆம் நாள் நகரில் தீ மூண்டது. ஒரே பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. 2012 ஆகத்தில் வடகிழக்கு மாநிலத்தவர், கைப்பேசியில் வந்த வதந்தியை நம்பி, ஆயிரக்கணக்கில் இந்நகரை விட்டுத் தொடர்வண்டி ஏறியதையும் நாம் அறிவோம். அவர்களும் நம்மைப்போல் பிழைப்புத் தேடி வந்தவர்களே.

எனினும் 1991 திசம்பரை நினைவுகூர்வோர் நம்மிடையே உள்ளனர். அன்றும் காவிரியை முன்னிட்டே கலவரம் மூண்டது, உயிர்கள் மாண்டன, குடும்பங்கள் இரவோடிரவாக ஊர் நீங்கின. அன்று பொதுமக்கள் கையில் இணையமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆகவே நெருப்பை இணையம் படைத்தது என்பது பொருந்தாது. நெருப்புக்குக் காற்றாய் நின்றது என்பதே பொருந்தும். ஆனால் காற்றையும் சிறிதென்று தள்ளலாகாது. எங்கோ ஒருவர் வாங்கிய அடியைப் பல்லாயிரவர் தம் கண்முன் கண்டது 2016-இல்தான். பெரியோரை வியவாமை, சிறியோரை இகழாமை என்னும் ஈற்றடிகளை விட்டு முதலடியை மட்டும் பரப்பிய சமுதாயம், இகழ்ச்சியையும் அதே விரைவில் பரப்பியது.

2009 ஆகத்து 9-ஆம் நாள், பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அவ்விரு நாள்களும் அமைதியாகவே நிகழ்ந்தன. அதே மக்கள்; அதே நகரங்கள். மக்கள் எதனைக் கொண்டுவருகின்றனரோ அதனையே காலமும் கருவியும் பெருக்கித் தருகின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. பெருமைக்குரியதே. ஆயினும் ஆங்கிலத்தில் 2020-ஆம் ஆண்டிலேயே 60 இலட்சத்துக்கு மேல் இருந்தன. இன்று மனிதர் மொழியைக் கற்கும் பொறிகளும் வந்துவிட்டன. அவை பெரிதும் பாடமாகக் கொள்வது இணையத்தில் உள்ள எழுத்தையே. நாம் தமிழ் எழுத்தில் எழுதாத ஒவ்வொன்றும் அப்பொறிகள் கல்லாத தமிழாகவே நின்றுவிடும்.

பெரும்பணியைத் திட்டங்களும் அரசுகளும் செய்யட்டும். குடும்பங்கள் செய்யத்தக்கது சிறியது. பிள்ளையின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துத் தருவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஞாயிறுதோறும் பாட்டிக்கு நான்கு வரி தமிழ் எழுத்தில் எழுதச் செய்யலாம். பிழை வரும், வரட்டும். பாட்டியார் அதனைத் திருத்தி விடை எழுதுவார். இவ்வாறு ஓராண்டு எழுதிய பிள்ளைக்குத் தமிழ்ச்சங்கத்தின் வகுப்பில் புறநானூற்றுப் பாட்டு ஒன்றைப் பதின்மூன்று அடியும் படிப்பது அரிதாகாது. நம்மிடையே உள்ள முதியோர் பலர் தம் ஊரையும், தாம் வேலை செய்த ஆலையையும், கோலார்ச் சுரங்க வாழ்வையும் நினைவில் வைத்துள்ளனர். அவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதி இணையத்தில் ஏற்றினால், பெங்களூர்த் தமிழர் வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத ஏடுகள் சேரும்.

லோசானில் ஒருவர் தொடங்கிய பணிக்குக் கடல்கடந்த தமிழர் பலர் கை கொடுத்தனர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் சிறீராமபுரத்திலும் வாழும் நமக்கு அதனினும் எளிய பணியே எதிரே உள்ளது. பக்கத்து வீட்டாரை நாடாமல் பாட்டியார் தாமே படிக்கும் ஒரு செய்தியை நம் பிள்ளை எழுதும் நாளில் அப்பணி தொடங்கிவிட்டது என்று கொள்வோம்.